ஒரே கதவெண்ணில் இரண்டு லைசன்ஸ்

எங்கள் தெருவில் ஒயரைத் தொடாத எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். வேறு யாருமில்லை, என் அக்காவின் கணவர்தான். அவருடைய லைசன்ஸ் கடையில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் தொங்குகிறது. அந்தச் சட்டத்தை அடித்துக் கொடுத்தவன் நான். எனக்குத் தச்சு வேலை. வீட்டில் ஃபேனைப் போட வேண்டுமென்றால் இந்த லைசன்ஸ்காரர் மரக்கரண்டியைத் தேடுவார். கரண்டிக் காம்பால் சுவிட்சைத் தட்டிவிட்டு, இரண்டு எட்டு பின்னால் போய் நின்று, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பார். கரண்டி அடுப்படி வேலையில் இருந்தால் வேர்த்து வழிந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

இந்த ஆளுக்கு யார் லைசன்ஸ் கொடுத்தது என்று கேட்பீர்கள். நானும் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறேன். அவர் தேர்வு எழுதிய வருஷம் செய்முறைக்கூடத்தின் கூரை ஒழுகியதாம். ஈரத்தில் கரண்ட் வேலை ஆகாது என்று செய்முறைத் தேர்வையும் வாயாலேயே நடத்திவிட்டார்கள். "ஒரு வீட்டுக்கு ஒயரிங் எப்படிப் பண்ணுவீங்க, சொல்லுங்க" என்றார்களாம். மாமா சொன்னார். சுவரைக் கொத்துவதில் ஆரம்பித்து, பைப் பதித்து, ஒயர் இழுத்து, எர்த் கம்பிக்குக் குழி தோண்டி, கடைசி பல்பை மாட்டிவிட்டுத் தரையைப் பெருக்கியது வரை சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "எங்க வீட்டுக்கு எப்ப வர முடியும்?" என்று கேட்டதாகக் கேள்வி. மாமாவுக்கு விதிகள் என்றால் உயிர். எந்த ஒயர் எந்த நிறம், எந்த போர்டு எவ்வளவு உயரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுப்பும்போது லைட்டைப் போடச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

கல்யாணமான புதிதில் அவருக்கு வந்த முதல் வேலை ஒரு தையல் கடையில். போர்டு மாற்ற வேண்டும். போனவர் காலையிலிருந்து போர்டின் முன்னால் நின்று விதிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தார். தையல்காரர் முதலில் பக்தியோடு கேட்டார், பிறகு எரிச்சலோடு கேட்டார், கடைசியில் மெஷினை மூடிவிட்டுக் கேட்டார். மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு அக்கா போனாள். நிலைமையைப் பார்த்தாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, மாமாவின் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கினாள்.

"எதை முறுக்கணும், சொல்லுங்க."

மாமா சொன்னார், அக்கா முறுக்கினாள். சாப்பாடு ஆறுவதற்குள் போர்டு மாறிவிட்டது. அன்றைக்குத் தொடங்கிய தொழில்தான்.

அக்காவுக்குக் கரண்ட் மேல் ஒரு துளி பயம் கிடையாது. கொடியில் துணி எடுப்பது போல ஒயரை எடுப்பாள். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு, வாயில் ஸ்க்ரூவைக் கடித்தபடி, கீழே இருக்கிறவர்களோடு வம்பும் அளப்பாள். மாமா ஏணிக்கு அடியில் ரப்பர் பாயைப் போட்டு, அதன் மேல் ரப்பர் பூட்ஸோடு நிற்பார். அவர் கை எதையும் தொடாது. வாய் மட்டும் ஓயாது. "கையில ஈரம் இருக்கா பாரு. இன்னொரு கையைச் சுவத்துல வைக்காத. மேல் பக்க ஒயர்கிட்டப் போகாத." அக்கா, "சரி சரி, காது வலிக்குது" என்பாள். ஊரில் மாமாவுக்கு 'லைசன்ஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "முன்னால லைசன்ஸ் வரும், பின்னால கரண்ட் வரும்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். வேலை சுத்தமாக இருந்ததால் கூப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லை.

எல்லாம் ஒரு பல் டாக்டரால் கெட்டது.

பல் டாக்டரின் கிளினிக்கில் புதிதாக ஒரு விளக்கு மாட்டுகிற வேலை. அக்கா ஏணி மேல் இருக்கிறாள், மாமா பாய் மேல் இருக்கிறார், நோயாளி நாற்காலியில் மல்லாந்திருக்கிறார். அவர் வாய் நிறையப் பஞ்சு. திடீரென்று அந்த மனிதர் கூரையைப் பார்த்துக் கையைக் காட்டி, "ஆ... ஊ... ஆ..." என்று அலற ஆரம்பித்தார். வலியில் துடிக்கிறார் என்று நினைத்து மாமா பக்கத்தில் போய், "கொஞ்சம் பொறுத்துக்கங்க சார், இப்ப முடிஞ்சிடும்" என்று தோளைத் தடவிக் கொடுத்தார். அவர் இன்னும் சத்தமாக அலறினார். மாமா இன்னும் அன்பாகத் தடவினார். டாக்டர் பஞ்சை எடுத்த பிறகுதான் தெரிந்தது, அவர் மின்பணி உரிம அலுவலகத்தின் இன்ஸ்பெக்டர்.

"இந்தம்மாவுக்கு லைசன்ஸ் இருக்கா?"

ஊசி போட்டதில் பாதி உதடு மரத்துப்போயிருந்தது. வார்த்தை வழுக்கிக்கொண்டு வந்தது. மாமா மரியாதையாக, "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றார். அவர் இன்னொரு தடவை சொன்னார்.

"எனக்கு இருக்கு சார்."

"உங்க கை எங்க இருக்கு?"

"பாக்கெட்ல சார்."

"ஒயர்ல யார் கை இருக்கு?"

மாமா அண்ணாந்து பார்த்தார். அதுவரை அவருக்கே இது தெரியாதது போல ஒரு முகம்.

"கூட வர்றவங்க சாமான் எடுத்துக் கொடுக்கலாம், சுவரைக் கொத்தலாம். கனெக்ஷன் கொடுக்கறது லைசன்ஸ் வச்சிருக்கறவர் கையாலதான் நடக்கணும். இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்" என்று மாமா அந்த விதியை வரி பிசகாமல் ஒப்பித்தார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை இவ்வளவு ஒழுங்காகச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை. இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. அக்காவுக்கு லைசன்ஸ் வருகிற வரை அவள் கை ஒயரில் படக் கூடாது, பட்டால் மாமாவின் லைசன்ஸ் ரத்து என்று சொல்லிவிட்டு, மிச்சப் பல்லைக் காட்ட மறுபடி மல்லாந்தார்.

கடை படுத்துவிட்டது. அக்கா கடையில் உட்கார்ந்து ஒரு பழைய சுவிட்சைக் கழற்றுவாள், மாட்டுவாள், மறுபடி கழற்றுவாள். கூப்பிட வந்தவர்களை, "அப்புறம் வர்றோம்" என்று திருப்பி அனுப்புவாள். அவள் அப்படிக் கை கட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு நாள் அந்த சுவிட்சைத் தூக்கி எறிந்துவிட்டு, "நானே பரிட்சை எழுதறேன்" என்றாள்.

மாமா சொல்லிக் கொடுத்தார். அவள் காய் நறுக்கும்போது விதி, துணி துவைக்கும்போது விதி. எழுத்துத் தேர்வில் பாஸ். கூரையை ஒருவழியாகச் சரிசெய்திருந்ததால் இந்தத் தடவை செய்முறையும் நடந்தது. பக்கத்து மேசைக்காரர் டெஸ்டரைத் தேடி எடுப்பதற்குள் அக்கா பல்பை எரியவிட்டுவிட்டாள். அதிலும் பாஸ். லைசன்ஸ் வாங்க மூன்று பேரும் போனோம். மாமா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். இஸ்திரிப் பெட்டியின் ப்ளக்கைச் சொருகியது அக்கா.

அலுவலக கிளார்க் கணினியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"பாஸ்தான். ஆனா லைசன்ஸ் தர முடியாது."

"ஏங்க?"

"இந்தக் கதவெண்ல ஏற்கெனவே ஒரு லைசன்ஸ் இருக்கு. ஒரு கதவெண்ணுக்கு ஒண்ணுதான்."

மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப என்னோடதைத் திருப்பிக் கொடுத்துடறேங்க. இவளுக்குக் கொடுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காகிதம்தான் அவருக்கு ஊரில் இருந்த ஒரே மரியாதை. அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இருவருக்கும் அந்தச் சிரமத்தைக் கிளார்க் கொடுக்கவில்லை.

"தாராளமாத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனா அது 'ரத்து'ன்னு பதிவாகும். ரத்தான லைசன்ஸ் இருந்த கதவெண்ணுக்குப் புதுசு தர மாட்டோம்."

"அப்ப என்னதாங்க பண்றது?"

கிளார்க் நாற்காலியில் சாய்ந்தார். உதவி செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது. அதுதான் வினையாகப் போனது. "நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தே ஆகணுமா?"

"பழகிடுச்சுங்க" என்றாள் அக்கா.

"பிரியச் சொல்லலைம்மா. வீட்டை ரெண்டாப் பிரிங்க. தனி வாசல், தனிக் கதவெண், தனி மீட்டர். மூணும் இருந்தா அது வேற வீடு. உங்களுக்கு அங்க ஒண்ணு தர்றேன்."

வீட்டை நடுவில் பிளைவுட் சுவர் வைத்துப் பிரித்தவன் நான்தான். முன்னறை மாமாவுக்கு. பின்னறை, சமையலறை, குளியலறை அக்காவுக்கு. கொல்லைக் கதவு அவளுக்கு வாசலானது, பின்தெருவில் ஒரு கதவெண்ணும் கிடைத்தது. "மாமா, நடுவுல ஒரு சின்னக் கதவு வச்சிடறேன். பீரோவை நகர்த்தி மறைச்சுக்கலாம், எவன் பாக்கப் போறான்?" என்றேன். மாமா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஆணியைக் கீழே போட்டுவிட்டேன்.

"விதின்னா விதி, மாப்ளே."

ஆகவே மாமா குளிக்க வேண்டுமென்றால் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, முன்வாசல் வழியாக இறங்கி, தெரு முழுக்க நடந்து, முக்கில் திரும்பி, பின்தெருவுக்குப் போய், அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவார். சாப்பாட்டுக்கும் அப்படியேதான். மழைக் காலத்தில் குடையோடு போவார். தெருவில் எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள். "இந்த வயசுல இப்படிப் பண்ணலாமா? யார் காரணம்?" என்று ஒருத்தி மாமாவை வழிமறித்துக் கேட்டாள். "லைசன்ஸ்" என்றார் மாமா. அவள் தலையில் கை வைத்துக்கொண்டு போனாள். வீட்டில் பிளைவுட்டுக்கு இந்தப் பக்கம் மாமா படுத்திருப்பார், அந்தப் பக்கம் அக்கா. "ஃபேன் போட்டீங்களா?" என்று அவள் கேட்பாள். "போட்டேன்" என்பார். கரண்டி அந்த வீட்டுக்குப் போய்விட்டது, இவர் எங்கே போட்டார்? வேர்வையில் நனைந்துதான் கிடப்பார்.

மீட்டர்தான் மிச்சம். மின்சார அலுவலகத்து ஆள் வந்து புது மீட்டரையும் மெயின் சுவிட்சையும் அக்காவின் பக்கத்துச் சுவரில் உயரமாக வைத்து, கம்பத்திலிருந்து கரண்டையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனார். பின்னறை ஒயர்களைப் பழைய போர்டிலிருந்து பிரித்து இந்தப் புது மெயினில் சேர்க்க வேண்டும். அதை லைசன்ஸ் உள்ளவர் செய்ய வேண்டும். அக்காவுக்கு லைசன்ஸ் இல்லை, ஏனென்றால் மீட்டர் ஓடவில்லை. மீட்டர் ஓடவில்லை, ஏனென்றால் அக்காவுக்கு லைசன்ஸ் இல்லை. கேட்டால் எனக்கே தலை சுற்றியது.

ஊரில் இன்னொரு லைசன்ஸ்காரர் இருந்தார். அவரிடம் போனேன். "பையன் கல்யாணம் முடியட்டும், வந்துடறேன்" என்றார். அவர் பையனை எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். அக்காவுக்கு லைசன்ஸ் வந்தால் தன் பிழைப்பில் மண் என்று அவருக்குக் கணக்கு.

கடைசியில் இன்ஸ்பெக்டரிடமே போய் நின்றோம். பல் சரியாகிவிட்டதால் இப்போது தெளிவாகப் பேசினார்.

"அவர்கிட்ட ஏன் கெஞ்சறீங்க? உங்க வீட்டுக்காரருக்குத்தான் லைசன்ஸ் இருக்கே. அவரே பண்ணட்டும்."

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் நேர்ல வந்து பாப்பேன். அவர் கையாலதான் நடக்கணும்" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். "நீங்க பக்கத்துல நிக்கலாம். ஆனா ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கணும்."

இன்ஸ்பெக்டர் வருவதாகச் சொன்ன நாள் காலை மாமா தெருவைச் சுற்றி வந்தார். பூட்ஸ், முழங்கை வரை ரப்பர் கையுறை, தலையில் என்னுடைய ஹெல்மெட். இன்ஸ்பெக்டர் வந்து உட்கார நான் ஒரு ஸ்டூல் போட்டேன். அக்கா சுவரோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

பழைய போர்டின் மெயினை மாமா அணைத்தார், கரண்டி இல்லாமல். டெஸ்டர் வைத்துப் பார்த்தார், மறுபடி பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். ஒயர்களைப் பிரித்தார். இதுவரை பரவாயில்லை. பிறகு புது மெயினுக்கு ஏணியைச் சாத்தினேன். ஏறினார். அவர் நடுக்கத்தில் ஏணி சுவரில் கடகடவென்று தாளம் போட்டது. நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதன் மேல் பக்கத்துக்கு வருகிற ஒயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். கீழ்ப் பக்கம் மட்டும்தான் செத்துக் கிடக்கும். மாமா வேலை செய்ய வேண்டியது கீழ்ப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் நாலு விரற்கடை இடம். கையுறையோடு ஸ்க்ரூவைப் பிடிக்க முடியவில்லை. ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூன்றாவது இன்ஸ்பெக்டரின் மடியில் விழுந்தது.

"கையுறையைக் கழட்டுங்க. இந்த வேலையை வெறும் விரலாலதான் பண்ண முடியும்" என்றார் அவர்.

மாமா கழற்றினார். வெறும் விரலை உயர்த்தினார்.

அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் ஒரு சத்தம். அக்கா. "வேண்டாங்க" என்றாள். முதலில் மெதுவாக. பிறகு, "சார், அவர் கை நடுங்குது, இறங்கச் சொல்லுங்க சார், எனக்கு லைசன்ஸே வேணாம்" என்றாள். பூமி பிளந்தாலும் அசையாத என் அக்காவுக்கு உதடு வெளுத்துவிட்டது. கண் மாமாவின் விரல் நுனியை விட்டு அசையவில்லை. முன்னால் ஓர் அடி வைத்தாள்.

"கை பின்னால" என்றார் இன்ஸ்பெக்டர்.

கை பின்னாலேயேதான் இருந்தது. அப்படியே, கட்டின கையோடு, தலையால் முட்டி ஏணியைத் தள்ளிவிடுவாள் போல நின்றாள். மாமா திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு ஒயரை நுழைத்து முறுக்கினார். இன்னொன்றை நுழைத்தார். முறுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி மேலே எகிறியது. அக்கா கத்திய கத்தலில் பின்தெருவில் யாரோ சைக்கிளோடு விழுந்தார்கள். ஸ்க்ரூடிரைவர் சுவரில் பட்டுக் கீழே வந்தது, வேறொன்றும் ஆகவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். மாமா அதை வாங்கி, மிச்சத்தையும் முறுக்கி, மூடியைப் போட்டு, மெயின் சுவிட்சைப் போட்டார். பின்னறையில் பல்பு எரிந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஸ்டூல் மேல் ஏறி, மெயினை அணைத்து மூடியைத் திறந்து, ஒவ்வொரு ஒயராக இழுத்துப் பார்த்தார். "ரொம்ப மெதுவான வேலை. ஆனா சுத்தமான வேலை" என்று கையெழுத்துப் போட்டார். "அடுத்த வாரம் ஆபீசுக்கு வந்து லைசன்ஸை வாங்கிக்கங்கம்மா." ஹெல்மெட்டோடு ஏணியில் நின்ற மாமாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா நகரவே இல்லை. "கையை எடுக்கா, அவர் போயிட்டார்" என்றேன். எடுக்க வரவில்லை. ஒரு கை இன்னொரு கையை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது. நான்தான் விரல் விரலாகப் பிரித்துவிட்டேன். மணிக்கட்டில் நகம் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாமா இறங்கி வந்து எதிரில் நின்றார். அவளுக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது.

"கீழ நிக்கறது இவ்வளவு கொடுமைன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது?"

மாமா ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

"சொல்லியிருந்தா நீ ஏறியிருக்க மாட்டே" என்றார்.

பிறகு கையுறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கொல்லைக் கதவு வழியாக இறங்கி, தெருவைச் சுற்றித் தன் வீட்டுக்குப் போனார்.